மடத்துக்குப் போய்த் திரும்பிய பிள்ளை

— போட் இஞ்சின இழுக்காதீங்க அண்ண. முதல்ல பதிலச் சொல்லுங்க, பிறகு இழுங்க.

— மெதுவாக் கத டிலு. இப்பதான் கண்ணயர்ந்தவள்.

— விடியக்காத்தால பிள்ளையத் தூக்கிக்கொண்டு சிலாபத்துக்கு பஸ் ஏறின ஆள் என்னை மெதுவாக் கதைக்கச் சொல்லுறார். மனுவேல் துறையில நிண்டு உங்களக் கண்டிருக்காட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அவன்ட போன் வந்த உடனே கந்தோர்ல சொல்லாமக்கொள்ளாம இறங்கி, புத்தளத்தில இருந்து கல்பிட்டிக்கு பஸ்ஸில நிண்டுகொண்டே வந்தன். இப்ப சொல்லுங்க. றோசக்காட பிள்ளையக் கன்னியர் மடத்துக்குக் குடுக்கத்தானே போனீங்க?

— ஓம்.

— ஓம் எண்டு சொல்ல உங்களுக்கு நாக்குக் கூசேல்ல.

— கூசுது. அதுக்காக இல்லையெண்டு சொல்லவா? குடுக்கத்தான் போனன்.

— அக்கா குவைத்தில வீட்டு வேலை செய்துகொண்டு இருக்கிறா. அண்ணன் இருக்கிறான், என்ட பிள்ளைய அவன் பாப்பான் எண்டு உங்கள நம்பி விட்டுட்டுப் போனா. ஒரு வயசு ஆகேல்ல இவளுக்கு. பால் போத்தலாவது கொண்டு போனீங்களா?

— கொண்டு போனன். கத்தரினா பிளாஸ்கில சுடுதண்ணியும் தந்து விட்டவள்.

— தருவா. அண்ணி ஏன் தரமாட்டா. இவள் வீட்ட விட்டுப் போனாக் காணும் எண்டால் பிளாஸ்க் என்ன, காஸ் அடுப்பையும் சேத்துத் தந்து விட்டிருப்பா.

— அவளத் திட்டாத. அவளுக்கும் ஒரு பக்கம் இருக்கு. அவட தங்கச்சிட மகளுக்குக் கலியாணம் பேசி வந்தவங்க, எங்கட வீட்டில அப்பன் பேர் தெரியாத பிள்ள ஒண்டு வளருது எண்டு கேள்விப்பட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமப் போட்டுக்கு இறங்கினவங்க. கோயில்ல ஞானஸ்நானம் குடுக்கக் கேட்டால் அதுக்கும் ஊர் கதைக்குது. குவைத்தில ஆப்பிரிக்கக் காப்பிரி டிரைவர் ஒருத்தனுக்குப் பெத்தது, சுருட்டைத் தலையப் பாத்தாத் தெரியேல்லையா எண்டு தண்ணிக் குழாயடியில கதை.

— இந்தத் தலை எங்கட அம்மாட தலை. அம்மாட ஊர் சிரம்பியடிக்குப் போய்ப் பாக்கச் சொல்லுங்க, அரைவாசிச் சனத்துக்கு இந்தத் தலைதான். அதுக்கு ஏன் குவைத்துக்குப் போகணும்?

— தெரியும்.

— தெரிஞ்சும் வாயப் பொத்திக்கொண்டு இருந்தீங்க. எங்கட அம்மா காப்பிரிச் சனம், அந்தத் தலைமயிர்தான் இது எண்டு குழாயடியில நிண்டு ஒருக்காச் சொல்லியிருந்தாக் கதை அண்டைக்கே முடிஞ்சிருக்கும். சொல்ல மாட்டீங்க. உங்களுக்கு அப்பாட தலைமயிர். எனக்குத்தானே அம்மாடது. பள்ளிக்கூடத்தில என்னைத் தும்புத்தடி எண்டு கூப்பிடேக்க நீங்க மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போனீங்க.

— ஓம், போனன்.

— எதுக்கும் ஓம் எண்டால் எப்படிச் சண்டை பிடிக்கிறது உங்களோட?

— இண்டைக்கு என்னால சண்டை பிடிக்க ஏலாது புள்ள. காலமை நடந்தது இன்னும் எனக்குள்ள நிண்டு ஆடுது. கடல்ல இருந்து இறங்கின பிறகும் கால் ஆடுமே, அப்படி. இந்தப் பலகையில இரு. சோளகக் காத்து அடிக்குது, பிள்ளைட தலையில துணியப் போடு. நான் சொல்லுறன்.

— சொல்லுங்க. எடுக்க மாட்டம் எண்டுட்டாங்க, அதானே? மடத்திலயும் அப்பன் பேர் கேக்கிறாங்களா?

— இல்ல. எடுக்கிற மடம்தான். சண்டை முடிஞ்ச நேரம் வன்னிப் பிள்ளைகள் எத்தனையோ பேரை எடுத்து வளத்தவங்க. கேளு புள்ள. என்னைக் கண்டு ஒரு சிஸ்டர் முழங்கால மடிச்சா.

— என்ன?

— முழங்கால மடிச்சு, ரெண்டு கையையும் குழிவாக் குவிச்சு, சத்தம் வராத மாதிரி மெல்ல மெல்லத் தட்டினா. எனக்கு முன்னால.

— உங்களுக்கு முன்னால.

— எனக்குத்தான். சாரத்தோட, வலை மணத்தோட, செருப்பு வார் அறுந்துபோய் நிண்ட எனக்கு.

— குடிச்சிட்டுப் போனீங்களா?

— அந்தோனியார் சத்தியமா ஒரு சொட்டும் இல்ல. நீ நம்ப மாட்டாய் எண்டு தெரியும். நானே நம்பேல்ல. எனக்குப் பின்னால பிஷப் ஆரும் வந்திட்டாரோ எண்டு திரும்பிப் பாத்தன்.

— சரி, முதல்ல இருந்து சொல்லுங்க. எந்தச் சிஸ்டர்?

— அமேலியா எண்டு பேர். கறுப்பு. எங்கட கறுப்பு இல்ல, அம்மாட கறுப்பு. வாசல்ல அவவக் கண்டன். அம்மா வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு செத்த வீட்டில இருந்து எழும்பி வந்த மாதிரி. மொசாம்பிக் எண்டு ஒரு நாடாம். வன்னிப் பிள்ளைகளப் பாக்க ஆள் காணாது எண்டு வந்தவவாம், வந்து அஞ்சாறு வருசமாம். சிங்களம் கதைக்கிறா. மீன் வாங்க வாற ஜெமீல் நானாட சிங்களத்த விட நல்லாக் கதைக்கிறா.

— ஜெமீல் நானாட சிங்களத்த விட இவள்ட சிங்களமும் நல்லம்தான். பிறகு?

— பிள்ளைய வாங்கினா. மடியில வச்சா. தலைமயிர விரலால பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா, தன்ட மயிரப் பாக்கிற மாதிரி. சிரிச்சா. இந்தக் குட்டியும் எட்டி அவட குருசப் பிடிச்சிட்டுது. எனக்கும் மனம் லேசாப் போச்சு. நல்ல இடம், விட்டுட்டுப் போகலாம் எண்டு நினைச்சன். அப்பதான் கேட்டா, நீங்க இந்தப் பிள்ளைக்கு என்ன முறை எண்டு.

— நீங்க?

— தாய்ட அண்ணன் எண்டன்.

— அதுக்கா முழங்கால் மடிச்சா?

— அதுக்குத்தான். சிரிப்பு நிண்டிட்டுது. பிள்ளையத் தூக்கித் திருப்பி என்ட கையில தந்தா. எழும்பிக் கதிரையத் தள்ளி வச்சா. பிறகுதான் முழங்கால மடிச்சுக் கையத் தட்டினது. எழும்பி நிண்டு, மெதுவா, பிழை விட்ட பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி இல்ல, பெரிய ஆளுக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னா: ஐயா, எங்கட சனத்தில நீங்க இந்தப் பிள்ளைய ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது. மற்றவங்கதான் உங்களிட்டக் கொண்டு வந்து குடுக்கிறது.

— விளங்கேல்ல.

— எனக்கும் விளங்கேல்ல. அதுக்குப் பிறகு கன நேரம் இருத்தி வச்சு விளங்கப்படுத்தினா. அவட சனத்துக்கு மக்குவா எண்டு பேராம். அந்த நாட்டில வடக்குப் பக்கம், கடல்ல இருந்து மலை வரைக்கும் லட்சக் கணக்கில சனமாம். அவங்களிட்டப் பிள்ளை பிறந்தால் அது தாய்ட குலமாம். அப்பன்ட குலம் இல்ல. அப்பன் ராசாவா இருந்தாலும் இல்ல. அதுக்கு நிஹிமோ எண்டு சொல்லுறாங்க. தாய்க்கு அவட தாயிட்ட இருந்து வரும். அந்தத் தாய்க்கு அவட தாயிட்ட இருந்து. அப்படியே பின்னுக்குப் பின்னுக்குப் போய், நமூலி எண்டு ஒரு மலை இருக்காம், அங்க போய் நிக்குமாம். மனிசர் முதல்ல வந்தது அந்த மலையில இருந்துதானாம். செத்தாத் திரும்பிப் போறதும் அங்கதானாம்.

— சிஸ்டரே சொல்லுறாவா அப்படி? மோட்சம் என்ன ஆச்சு?

— நானும் கேட்டன். மோட்சத்துக்குப் போற வழியில ஒரு மலை இருந்தால் யேசு கோவிப்பாரோ எண்டு திருப்பிக் கேட்டா.

— ம். கெட்டிக்காரிதான்.

— சிரிக்கிறாய். கொஞ்சம் கோவம் இறங்கிட்டுது.

— இறங்கேல்ல. சொல்லுங்க. அந்தத் தாய்மாமன் கதைய வடிவாச் சொல்லுங்க.

— தாய்ட சகோதரன்தான் பிள்ளைக்குப் பெரிய ஆளாம். என்னத்துக்கும் அவனிட்டத்தான் போகணும். கலியாணமா, அவன் சொல்லணும். வருத்தமா, அவன் வரணும். வழக்கா, பிள்ளைக்காக எழும்பி நிண்டு கதைக்கிறது அவன். ஒரு ஊர்த் தலைவன் செத்தால் அடுத்த தலைவன் அவன்ட மகன் இல்லையாம். அவன்ட சகோதரிட மகனாம்.

— அப்ப உங்கட போட் உங்கட பொடியனுக்கு இல்ல.

— அதத்தான் நானும் முதல்ல நினைச்சன். கத்தரினாக்குத் தெரிஞ்சால் என்னைக் கடல்ல தள்ளுவாள்.

— எல்லாம் ஆம்பிளைதானே அப்ப? அப்பன் இல்லாட்டி மாமன். தாய்ட குலம் எண்டு பேருக்குச் சொல்லிட்டு, கதிரையில இருக்கிறது மீசை.

— இதக் கேப்பாய் எண்டு தெரியும். நீ கேக்கிற மாதிரி நினைச்சு நான் கேட்டன்.

— என்ன சொன்னா?

— தலைவனுக்குப் பக்கத்தில ஒரு பொம்பிள இருப்பாவாம். பெண்சாதி இல்ல. குலத்தில மூத்த பொம்பிள, பெரும்பாலும் அவன்ட மூத்த சகோதரி. அவட கையில மா இருக்கும். சோளம் மாதிரி ஒரு தானியம், அதிட மா. ஊருக்கு ஒரு பெரிய காரியம் எண்டால், மழை இல்லையெண்டால், ஆரும் தூரப் பயணம் போறாங்க எண்டால், ஒரு மரத்தடியில போய் அந்த மாவக் கையால எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குவிச்சு, செத்த ஆக்களக் கூப்பிட்டுக் கதைப்பாவாம். அவ மாவப் போடாட்டித் தலைவன் தலைவன் இல்லையாம். வெறும் ஆளாம். ஆரைத் தலைவனாக்கிறது எண்டதிலயும் அவட வாய்தான் பெரிய வாயாம்.

— மா.

— மா. வாளில்ல, கிரீடமில்ல. ஒரு பிடி மா. சிஸ்டர் மேசையில இருந்த பால் மாவக் கொஞ்சம் எடுத்து, விரலால எப்படிக் குவிக்கிறது எண்டு காட்டினா. சின்னக் கூம்பு மாதிரி வந்துது. ஒருத்தரும் மூச்சு விடேல்ல புள்ள. நான், அவ, இவளும்கூடப் பாத்துக்கொண்டு இருந்தாள். மின்விசிறிய நிப்பாட்டினவ, மா பறந்திரும் எண்டு. வெளிய பிள்ளைகள் விளையாடுற சத்தம் எங்கயோ தூரத்தில கேக்குது. எனக்குக் கோயில்ல நடுப்பூசையில மணி அடிக்கேக்க வருமே, அந்தப் பயம் வந்துது. நல்ல பயம்.

— தாங்க அவள. கழுத்து ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. இப்படி, வலப்பக்கம் சாய்ச்சுப் படுக்க வைக்கணும். அந்தப் பக்கம்தான் இவளுக்கு எப்பவும் பிடிச்சது, வயித்துக்குள்ள இருக்கேக்கயும் அந்தப் பக்கம்தான் குந்திக்கொண்டு இருந்தவள்.

— ஓ.

— றோசக்கா சொன்னவ.

— ம்.

— சரி. கேக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா அது அவங்கட சனம். எங்களுக்கு என்ன? அம்மா சிரம்பியடி எண்டு சொன்னீங்களா அவவிட்ட?

— சொன்னன். முதல் முறையா ஒரு வெளி ஆளிட்ட வாயத் திறந்து சொன்னன். என்ட அம்மா காப்பிரிச் சனம், அப்பா உச்சமுனைத் தமிழ் மீன்பிடிகாரன் எண்டு. வெள்ளைக்காரன் காலத்தில பட்டாளத்துக்கு எண்டு கப்பல்ல கொண்டு வந்த ஆக்கள்ட வழி எண்டு.

— எங்கட ஆக்கள் எண்டு கட்டிப் பிடிச்சாவா?

— இல்ல.

— இல்லையா?

— அதுதான் டிலு. வேற ஆளெண்டால் ஆகா எங்கட ரத்தம் எண்டு சொல்லியிருக்கும். அவ யோசிச்சா. அந்தக் கரை நெடுக எத்தனையோ சனம் இருக்கு, அதில நீங்க எந்தச் சனமெண்டு என்னால சொல்ல ஏலாது எண்டா. பிறகு கேட்டா, கப்பல்ல வந்தது ஆம்பிளையளா பொம்பிளையளா எண்டு. பட்டாளம்தானே, ஆம்பிளையள்தான் எண்டன். அப்ப அவ கண்ண மூடிக்கொண்டா. அந்த மனிசர் மக்குவா எண்டே வச்சாலும், நிஹிமோவ அவங்க கொண்டு வரேல்ல எண்டா. கொண்டு வர ஏலாது. அது அவங்கட சகோதரிமாரிட்ட அங்கயே இருந்திட்டுது. வந்தது தனி மனிசன்.

— இதுக்குத்தான் கட்டிப் பிடிக்காம விட்டாவா? பாருங்க. இங்க இருக்கிறவன் தலையப் பாத்திட்டு, நீ ஆப்பிரிக்கா, உனக்கு இங்க என்ன வேலை எண்டு கேக்கிறான். டீவிக்காரன் வருவான், காப்பிரிச் சனத்திட மஞ்சாப் பாட்டுப் பாடச் சொல்லுவான், ஆடச் சொல்லுவான், படமெடுத்துப் பைல வச்சுக்கொண்டு போவான். ஆப்பிரிக்காக்காரி ஒருத்தி நேர வந்து நிக்கிறா, அவவும் சொல்லுறா நீ எங்கட ஆளில்ல எண்டு. அப்ப நான் ஆர்? காத்தில வந்து விழுந்தனானா?

— இதே கேள்விதான் நானும் கேட்டன். இவ்வளவு கோவமாக் கேக்கேல்ல.

— என்ன சொன்னா?

— அவட சட்டத்தில குலமில்லாத மனிசன் இல்லையாம். ஏனெண்டால் தாயில்லாத மனிசன் இல்ல. அந்தத் தனி மனிசன் இந்தக் கரையில இறங்கேக்க அவனுக்குச் சோறு போட்டு, வீட்டுக்குள்ள எடுத்து, பிள்ளை பெத்துக் குடுத்தவ ஒருத்தி இருப்பாதானே. இந்த மண்ணில பிறந்தவ. அம்மாட அம்மாட அம்மா எண்டு பின்னுக்குப் போனால் அவவிட்டத்தான் போய் நிப்பீங்க. எங்கட சட்டப்படி பாத்தால் உங்கள விட இந்த ஊர்க்காரர் வேற ஒருத்தரும் இல்லை எண்டா.

— அவ அப்படியா சொன்னா?

— அப்படியே சொன்னா. ஆப்பிரிக்காட சட்டமே சொல்லுது நீங்க புத்தளத்தாக்கள் எண்டு.

— ஆண்டவரே. அண்ண, இதக் கொண்டு போய் அந்தக் குழாயடியில சொல்லணும்.

— அழாத.

— அழேல்ல. காத்து. நீங்க சொல்லுங்க.

— அவங்கட நாட்டிலயும் சண்டையாம் புள்ள. பதினாறு வருசம். எங்கட மாதிரித்தான், ஊருக்குள்ள ஊர் அடிபட்டது. அந்தச் சண்டையில ஊர எரிச்சு, சனம் காட்டுக்கால ஓடேக்க இந்தச் சிஸ்டர் சின்னப் பிள்ளை. தாயத் தவற விட்டுட்டா. ஒரு வாரமோ என்னவோ நடந்து, தெரியாத ஊர் ஒண்டில போய் விழுந்தா. அங்க ஒரு மனுசி மா இடிச்சுக்கொண்டு நிண்டவவாம். பேரக் கேக்கேல்ல, ஊரக் கேக்கேல்ல, அப்பன் ஆரெண்டு கேக்கேல்ல. நிஹிமோ என்ன எண்டு கேட்டாவாம். அந்த ஒரு சொல்லு மட்டும் தாய் சொல்லிக் குடுத்திருந்தது. சொன்னா. அந்த மனுசி உலக்கையக் கீழ வச்சிட்டு, என்ட பிள்ளை எண்டு தூக்கினாவாம். ஏனெண்டால் அவவும் அதே குலம். முன்ன பின்னக் கண்டதில்ல. அதுக்குப் பிறகு அதுதான் வீடு. அங்க வளந்து, அங்க இருந்துதான் கன்னியாஸ்திரியாப் போனது.

— ஒரு சொல்லுக்கு.

— ஒரு சொல்லுக்கு. நாங்க இங்க சண்டைக் காலத்தில அடையாள அட்டை, பாஸ், பதிவு எண்டு சட்டைப் பை நிறையக் கொண்டு திரிஞ்சம். நேவிக்காரன் அப்பவும் திருப்பி அனுப்பினான். அவவிட்ட ஒரு சொல்லு. அதுவும் தாய் குடுத்த சொல்லு.

— அதுக்குப் பிறகும் குடுக்கலாம் எண்டு நினைச்சீங்களா?

— கேள். அவ மறுக்கேல்ல. இது உங்கட நாடு, உங்கட வழக்கம், நீங்க ஏலாது எண்டால் நான் எடுக்கிறன், நல்லா வளப்பன் எண்டா. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யோசிச்சிட்டு வாங்க எண்டா. பிறகு வாசல் வரைக்கும் வந்து, உங்களுக்கு எத்தனை பிள்ளை எண்டு கேட்டா. ரெண்டு பொடியன் எண்டன். அவ விரல மடிச்சு எண்ணிக் காட்டினா. உங்கட பொடியன்கள் ரெண்டு பேரும் கத்தரினாட குலம். உங்கட அம்மாட குலத்தில, உங்களுக்குப் பின்னால, இண்டைக்கு இருக்கிறது இவள் ஒருத்தி. அதுவும் பொம்பிளப்பிள்ளை. பொடியனா இருந்தால் அவனோட கதவு சாத்துப்படும், இவள் திறந்த கதவு எண்டா. நான் அந்தத் திறந்த கதவத் துணியால சுத்தி, சிலாபத்து பஸ்ஸில ஏத்திக்கொண்டு போயிருக்கிறன்.

— அண்ண.

— பஸ்ஸில திரும்பி வரேக்க இவள் என்ட சுண்டுவிரலப் பிடிச்சுக்கொண்டு வந்தாள். முந்தியும் பிடிச்சிருக்கிறாள். இண்டைக்குப் பாலாவி வரைக்கும் நான் விரல அசைக்கேல்ல. பக்கத்தில இருந்தவன், என்ன ஐயா பேத்தியா எண்டான். இல்ல, நான் மாமா எண்டன். சும்மா மாமா எண்டுதான் அவனுக்குக் கேட்டிருக்கும்.

— அண்ணிக்கு என்ன சொல்லப் போறீங்க?

— பிள்ள நிக்கும் எண்டு சொல்லப் போறன். கலியாணம் பேசுறவங்க தேத்தண்ணி குடிச்சால் குடிக்கட்டும், இல்லாட்டிப் போட்டுக்கு இறங்கட்டும். ஞானஸ்நானத்துக்கு நான் எழும்பி நிக்கிறன். அப்பன் எங்க எண்டு கேட்டால், மாமன் இங்க எண்டு சொல்லுறன்.

— உண்மையாத்தானா? நாளைக்கு அண்ணி ரெண்டு பாத்திரத்தத் தூக்கி எறிஞ்சால் மாற மாட்டீங்களே?

— அவள் எறியிறது எனக்குப் பழக்கம். மாற மாட்டன்.

— அப்ப நானும் சொல்லுறன். சனி ஞாயிறு நான் வந்து நிக்கிறன். என்னைப் புத்தளத்தில இருந்து மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கிறன், கல்பிட்டிக் கந்தோருக்கு. பின்னேரத்தில பிள்ளைய நான் பாப்பன். இரவில நான் வச்சிருப்பன். அண்ணி ஒரு போத்தலும் கழுவத் தேவையில்ல. காய்ச்சல் வந்தால், பல்லு முளைச்சால், எல்லாம் நான்.

— நல்லாக் களைச்சுப் போவாய்.

— களைச்சால் என்ன? நான் சின்னம்மா இல்லையா?

— சிஸ்டரும் சொன்னா. அவங்களிட்டத் தாய்ட சகோதரியும் தாய்தானாம். ரெண்டு பேரையும் அம்மா எண்டுதான் கூப்பிடுமாம் பிள்ளை.

— நல்ல சனம்.

— நான் சொன்னன், எங்களிட்டயும் அம்மாதான், முன்னால ஒரு சின்ன போடுறது எண்டு. அவக்கு அது பிடிச்சுப் போச்சு.

— றோசக்காக்குச் சொல்லணும், பிள்ள வீட்டிலதான் நிக்கிறாள் எண்டு. மடத்துக்குக் கொண்டு போக முந்தி அவட்டக் கேட்டீங்களா?

— கேட்டன். முந்தநாள் போன் எடுத்தன். மடத்துக்குக் குடுக்கப் போறன், பெத்தவள் நீ, நீ சொன்னாச் சரி எண்டன்.

— என்ன சொன்னா?

— பிள்ளை வடிவாப் பால் குடிக்கிறாளா எண்டு கேட்டாள். பிறகு, டிலுட்டக் கேளுங்க அண்ணா எண்டாள்.

— என்னட்ட ஏன் கேக்கச் சொன்னா?

— அதத்தான் நானும் கேட்டன். போன வச்சிட்டாள்.

— அக்காக்குப் பயம். தானாச் சொல்லப் பயந்து என்ட தலையில போட்டிருப்பா.

— இருக்கும். நான் உன்னட்டக் கேக்கேல்ல. கேட்டால் நீ விட மாட்டாய் எண்டு தெரியும். அதுதான் விடியக்காத்தால களவா வெளிக்கிட்டன்.

— சரி, விடுங்க. முடிஞ்சுது. இஞ்சின இழுங்க, காத்துக் கூடுது. பட்டத்தப் பிடிச்சுக்கொண்டு கடல்ல சறுக்குற வெள்ளையன்களே கரைக்கு வாறாங்க.

— வரட்டும். இன்னொண்டு இருக்கு.

— என்ன?

— வாசல்ல கடைசியா ஒண்டு நடந்தது. பிள்ளைட நிஹிமோவ ஒரு நாளைக்கு இவளுக்குச் சொல்லிக் குடுக்கணும் எண்டால் எங்க இருந்து தொடங்கிறது எண்டு நான் கேட்டன். தாய்ட பேரில இருந்து தொடங்குங்க எண்டா. எங்கட சனத்தில அப்பன்ட பேர ஆரும் மாத்திச் சொன்னாலும் ஒண்டும் குடிமுழுகாது. தாய்ட பேர் பிழைச்சால் பின்னுக்கு இருக்கிற எல்லாப் பேரும் பிழைச்சிரும். அதனால அத மட்டும் எனக்குச் சரியாச் சொல்லுங்க, நான் பூசையில வேண்டிக்கொள்ளுறன் எண்டா.

— றோசமேரி எண்டு சொல்லியிருப்பீங்க.

— வாய் வரைக்கும் வந்துது.

— வந்து?

— அவ எனக்கு முன்னால முழங்கால மடிச்ச மனுசி. அந்த மாதிரி ஒரு ஆளுக்கு முன்னால நிண்டு பொய் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு. நீ கம்பஸ் கடைசி வருசம் லீவுக்கு வீட்ட வராம, குவைத்தால வந்த றோசயோட கொழும்பில ஆறு மாசம் அறை எடுத்துக்கொண்டு நிண்டாய், பிறகு பிள்ளையோட ரெண்டு பேரும் வந்தீங்க. அண்டைக்கே எனக்கு விளங்கினது. அக்கா தன்ட பேர உனக்குத் தந்தாள், நான் கண்ண மூடிக்கொண்டன். இண்டைக்குத் திறந்தன், தங்கச்சி. தாய்ட பேர் டிலுக்ஷி எண்டு சொன்னன்.